மருமகள் வந்த படகு: அகாதமி திருத்திய பதிப்பு

தென்கடல் சர்வதேசத் திரைப்பட அகாதமி கடந்த இருபத்திரண்டு வருடங்களில் ஒரு தவறும் செய்ததில்லை. இதை அகாதமியே ஒவ்வொரு ஆண்டறிக்கையின் முதல் பக்கத்திலும் சொல்லிவருவதால் நாம் சந்தேகப்பட வேண்டியதில்லை. திருவனந்தபுரத்தில் டிசம்பர் வந்துவிட்டால் கழுத்தில் டெலிகேட் பாஸ் தொங்காத மனிதனை யாரும் மனிதனாகச் சேர்ப்பதில்லை. நானும் தொங்கவிட்டுக்கொண்டு அலைகிறவன்தான். நாகர்கோவிலிலிருந்து இங்கே இன்ஷூரன்ஸ் ஆபீசுக்கு வந்து, ரிட்டயர் ஆகி, ஊர் திரும்பாமல் தங்கிவிட்டதற்கு நான் வெளியே சொல்லும் காரணமே இந்தத் திரைப்பட விழாதான். வீட்டில் இருபத்திரண்டு விழாத் துணிப்பைகள் இருக்கின்றன. உலக சினிமா என்று எழுதிய பைகளில் என் மனைவி வெங்காயம் வாங்கிவருகிறாள். ஆகவே இதை வெளியாள் ஒருவனின் வயிற்றெரிச்சல் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். உள்ளே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன்.

இந்த வருடம் அகாதமிக்கு ஒரு திவேஹி மொழிப் படம் கிடைத்தது. திவேஹி என்பது மாலத்தீவுக்காரர்கள் பேசும் மொழி. அந்த மாலத்தீவுக்காரர்கள் வைத்தியத்துக்காக, இந்த ஊரின் ஆஸ்பத்திரிப் பகுதியான எங்கள் குமாரபுரத்தில் தெருவுக்குத் தெரு தங்கியிருக்கிறார்கள். லாட்ஜ் வாசல்களில் அவர்கள் எழுத்திலேயே போர்டு தொங்குகிறது. பல வருடங்களாக அவர்களோடு ஒரே கடையில் சூரை மீன் வாங்கிய அகாதமி அங்கத்தினர்களுக்கு, அவர்களுக்கும் சினிமா உண்டு என்பது இந்த வருடம்தான் தெரியவந்தது. அதுவும் ஐரோப்பாவிலிருந்து யாரோ ஒரு விமர்சகர் மெயில் அனுப்பிக் கேட்ட பிறகு.

படத்தின் பெயருக்குத் தமிழில் ‘மருமகள் வந்த படகு’ என்று அர்த்தம். தலைநகரத்துப் பெண் ஒருத்தி சின்னத் தீவுக்காரனைக் காதலித்துக் கட்டிக்கொண்டு படகில் வந்து இறங்குகிறாள். மாமியாருக்கு அவளைப் பிடிக்கவில்லை. நாத்தனார் மூட்டிவிடுகிறாள். புருஷனும் பெண்டாட்டியும் பிரிகிறார்கள், குழந்தை பிறக்கிறது, எல்லாரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். நடுவில் ஆறு பாட்டு. ஒரு சிரிப்பு நடிகர் இரண்டு தடவை கடலில் விழுகிறார்.

இது எதுவும் ராகேஷுக்குத் தெரியாது. ராகேஷ்தான் அகாதமியின் படத்தேர்வு அதிகாரி. படங்களின் கேட்டலாக் எழுதுவதும் அவன் வேலை. படத்தின் பிரதி வந்துசேருவதற்கு முன்பே அச்சகத்துக்கு எழுதிக்கொடுக்க வேண்டியிருந்ததால், அவன் பெயரையும் போஸ்டரையும் வைத்து எழுதினான். போஸ்டரில் ஒரு படகு, சுற்றிலும் தண்ணீர். அதுபோதும் அவனுக்கு. “இசையற்ற, நிலமற்ற, ஏறக்குறைய சொல்லற்ற ஒரு திரைக்கவிதை. உயரும் கடலின் நடுவே அடையாளத்தின் நங்கூரத்தைத் தேடும் ஒரு தேசத்தின் மௌனம்” என்று எழுதினான். மூவாயிரம் பிரதி அச்சாகி, குத்துவிளக்கு ஏற்றி, பொன்னாடை போர்த்தி, பெரிய மனிதர் ஒருவர் கையால் வெளியீடும் நடந்துமுடிந்தது. அதற்கு மறுநாள் படம் வந்தது. சப்டைட்டில் இல்லாமல் வந்தது.

அப்போதுதான் செல்வமணியைத் தேடி அகாதமியின் கார் குமாரபுரத்துக்கு வந்தது.

செல்வமணி மார்த்தாண்டம் பக்கத்துக்காரன். ஒன்பது வருடம் மாலத்தீவுத் தலைநகரம் மாலேயில் ஒரு விடுதிச் சமையலறையில் இருந்தவன். இப்போது இங்கே மாலத்தீவு நோயாளிகள் தங்கும் லாட்ஜில் மெஸ் நடத்துகிறான். அவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் சொல்வதை அவர்களுக்கும், அவர்கள் சொல்வதை டாக்டருக்கும் சொல்வான். நான் வாரத்தில் மூன்று நாள் அவனிடம்தான் மீன் குழம்பு வாங்குகிறேன். என்னை அண்ணாச்சி என்பான். திவேஹி பேசத் தெரிந்த ஆள் அகாதமியில் ஒருவரும் இல்லாததால், சப்டைட்டிலுக்கு அவன் உதவ வேண்டும், கடைசியில் ‘மூலத்துக்கு உண்மையானது’ என்று ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார்கள்.

அவனுக்கு இதில் ஒரு காரியம் இருந்தது. லாட்ஜில் ஷரீஃபா என்று ஐம்பத்தெட்டு வயது அம்மாள் ஒருவர் முழங்கால் முட்டு ஆபரேஷனுக்கு வந்திருந்தார். செல்வமணி அவரை ‘தத்தா’ என்பான். அவர்கள் மொழியில் அக்கா. அந்தப் படம் எடுத்தது ஷரீஃபாவின் தீவில். கல்யாணப் பாட்டில் பெரிய மேளம் அடிக்கிறவர்களில் ஒருவர் அவருடைய புருஷன் இபுராஹிம். படம் வெளியாவதற்குப் பத்து நாள் முன்னால் அந்த மனிதர் காய்ச்சலில் இறந்துபோனார். புருஷன் இறந்தால் நான்கு மாதமும் பத்து நாளும் பெண் வீட்டைவிட்டு இறங்காமல் துக்கம் காக்க வேண்டும். அவர் காத்து முடிப்பதற்குள் படம் தலைநகரத்துத் தியேட்டரில் ஓடி முடிந்துவிட்டது. பிறகு தயாரிப்பாளர்களுக்குள் சண்டை வந்து, படம் எங்குமே இல்லாமல் போயிற்று.

“போட்டோ கெடக்கு அண்ணாச்சி, நெறய கெடக்கு” என்றான் செல்வமணி. “ஆனா அந்த மனுசன் கையும் காலும் அசையுத மாதிரி ஒண்ணுகூட தத்தாகிட்ட இல்ல. ஞாயித்துக்கெழம பிளைட்டு. அதுக்குள்ள ஒரு தடவ பாக்கணும்ணு சொல்லுகாவ.”

முதலில் அவன் அவரை முறைப்படி அகாதமியின் டெலிகேட் பிரிவுக்குத்தான் அழைத்துப் போனான். வாக்கரைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறினார்கள். லிஃப்ட் விருந்தினர்களுக்கு மட்டும். அங்கே திரைப்பட ரசனைத் தேர்வு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பார்த்த படங்களில் சிறந்த பத்தையும், இயக்கியவர் பெயரையும், நாட்டையும் எழுத வேண்டும். ஷரீஃபா தனக்கு ஒரு படத்தில்தான் விருப்பம் என்றும், அதை இன்னும் பார்க்கவில்லை என்றும் சொன்னார். அந்த அம்மணிக்கு என்ன மதிப்பெண் போடுவது என்று கௌண்டரில் இருந்த ஓமனா என்ற அம்மாள் மேலே கேட்டார். பூஜ்யம் என்று பதில் வந்தது.

“நடிகரின் குடும்பம்ணு ஒரு பிரிவு இருக்கே” என்று செல்வமணி சுட்டிக்காட்டினான்.

“பெயர் டைட்டிலில் உண்டோ?” என்றார் ஓமனா.

“இல்ல சேச்சி. மேளம் அடிக்கவங்கண்ணு மொத்தமா போட்டிருப்பாவ.”

“அப்போ அது நடிகன் அல்ல. கூட்டம். கூட்டத்துக்குக் குடும்பம் இல்லா.”

இந்தக் கட்டத்தில்தான் கார் வந்தது. செல்வமணி சப்டைட்டில் வேலைக்குக் கூலி எதுவும் வேண்டாம், தத்தாவுக்கு ஒரு பாஸ் போதும் என்றான். அகாதமி சம்மதித்தது.

சேர்மன் டாக்டர் ஜனார்த்தனக் குறுப்பின் அறையில் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். முதல் பாட்டிலேயே ராகேஷ் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டான். சிரிப்பு நடிகர் இரண்டாவது தடவை கடலில் விழுந்தபோது குறுப்பு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். படம் முடிந்ததும் அறையில் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போல எல்லாரும் இருந்தார்கள். செல்வமணி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நல்ல படமாக்கும் சாரே” என்றான்.

“செல்வமணி, இது படத்தின்டெ பிரச்னை அல்ல” என்றார் குறுப்பு. “கேட்டலாக்கில் ஒண்ணு இருக்கு, படத்தில் வேறொண்ணு இருக்கு. ரெண்டில் ஒண்ணைத் திருத்தணும்.”

“கேட்டலாக்குல ஒரு திருத்தத் தாள் ஒட்டினா போதாதா சாரே?”

டாக்டர் குறுப்பு அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். அதன் பிறகு அவர் ஆற்றிய சிறு உரையை, அவன் எனக்குச் சொன்னபடி, என் தமிழில் தருகிறேன். “கேட்டலாக் என்பது எங்கள் பார்வை. படம் என்பது யாரோ எடுத்தது. பார்வையை மாற்றிக்கொள்கிற அமைப்பை உலகம் மதிக்காது. இருபத்திரண்டு வருடத்தில் நாங்கள் திருத்தத் தாள் ஒட்டியதில்லை. ஒரு தடவை பிரெஞ்சுப் படத்தைப் பாதி தலைகீழாகத் திரையிட்டோம். அதற்கு அந்த வருடம் ரசிகர் விருது கிடைத்தது. மக்களுக்கு என்ன பிடிக்கும் என்று மக்களுக்குத் தெரியாது, செல்வமணி. தெரிந்திருந்தால் அகாதமி எதற்கு?”

ஆக, படத்தைத் திருத்துவது என்று முடிவாயிற்று. தயாரிப்பாளர்களுக்கு அனுமதி கேட்டு மெயில் போனது. அவர்கள் சண்டையில் இருந்ததால் பதில் வரவில்லை. ஏழு நாளில் பதில் வராவிட்டால் சம்மதம் என்று அகாதமியின் விதியில் ஒரு வரி இருக்கிறது. அந்த விதியை அகாதமியே ஆறாவது நாள் எழுதிச் சேர்த்தது.

மூன்று நாள் உட்கார்ந்து எழுதினார்கள். செல்வமணி ஒவ்வொரு வசனத்தையும் மலையாளம் கலந்த தன் தமிழில் சொல்வான், ராகேஷ் அதைக் கேட்டலாக்குக்குப் பொருந்துகிறபடி ஆங்கிலத்தில் எழுதுவான்.

“மாமியாக்காரி சொல்லுகா, மீன் சாறுல உப்பு இல்லண்ணு.”

ராகேஷ் எழுதினான்: கடல் தன் உப்பை மறந்துவிட்டது.

“மருமக சொல்லுகா, உங்க மவன் நாக்குக்கு உப்புப் போட்டா அவனுக்கு பிரஷர் கூடும்ணு.”

ராகேஷ் எழுதினான்: நம் புதல்வர்களின் குருதியில் அலை உயர்கிறது.

“சிரிப்பு நடிகரு சொல்லுகாரு, அய்யோ என் செருப்பு போச்சேண்ணு.”

ராகேஷ் கொஞ்சம் யோசித்தான். பிறகு, காலடியில் நிலம் இல்லாதவனுக்குப் பாதம் எதற்கு என்று எழுதினான். எழுதிவிட்டு அவனே அசந்துபோய் அரை நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு பாட்டுகளுக்கு வந்தார்கள். கேட்டலாக்கில் ‘இசையற்ற’ என்று இருக்கிறது, ஆறு பாட்டும் போகும் என்றான் ராகேஷ். செல்வமணி நேராகக் குறுப்பின் அறைக்குப் போய், ஷரீஃபாவின் கதையை ஒன்றுவிடாமல் சொல்லி, ஐந்து பாட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், கல்யாணப் பாட்டை மட்டும் விடுங்கள் என்று கெஞ்சினான். குறுப்பு முழுவதையும் கேட்டார். அவர் கண் கலங்கியதாகக்கூட அவனுக்குத் தோன்றியது. “பரிசீலிக்காம்” என்றார்.

அந்த ஒரு சொல்லை நம்பி அவன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டான். இந்த ஊரில் பரிசீலிக்கலாம் என்று ஓர் அதிகாரி சொன்னால் இல்லை என்று அர்த்தம். சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். மாலேயில் ஒன்பது வருடம் மீன் வறுத்தவனுக்குத் தெரியவில்லை.

திரையிடல் வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. பக்கத்து அரங்கில் அதே நேரத்தில் ஒரு ஹங்கேரிப் படம். அதில் ஒரு மனிதன் மூன்று மணி நேரம் உருளைக்கிழங்கு தோலுரிக்கிறான் என்று பேச்சாகியிருந்ததால் கூட்டம் அங்கே அலைமோதியது. எங்கள் அரங்கு பாதிக்கு மேல் காலி. இரண்டரை மணிக்கு ராகேஷ் செல்வமணிக்குப் போன் செய்து, லாட்ஜில் இருக்கிறவர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வா என்றான். பாஸ் எதுவும் வேண்டாம், பத்திரிகை போட்டோவுக்குத் தலை தெரிந்தால் போதும்.

ஷரீஃபா வாக்கரோடு முன்னால் வந்தார். காதில் கம்மல், நல்ல உடுப்பு, கொஞ்சம் சென்ட். பின்னால் இருபத்தி மூன்று பேர். கழுத்துப் பட்டைக்காரர் ஒருவர், கையில் ஊசி செருகிய பிளாஸ்டரோடு ஒருவர், நிறைமாதப் பெண் இருவர். எனக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்தார்கள்.

படம் ஓடியது. வெட்டியது போக மிஞ்சியது நாற்பத்தொரு நிமிடம். மாமியார் உப்பைப் பற்றிக் கேட்டதும் பின்னால் இருபத்துநாலு பேரும் சிரித்தார்கள். திரையில் ‘கடல் தன் உப்பை மறந்துவிட்டது’ என்று படித்துக் கலங்கிக்கொண்டிருந்த நாங்கள் திரும்பி முறைத்தோம். செருப்புக் கட்டத்தில் அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் பக்கத்தில் இருந்த பேராசிரியர், “சொந்த நாடு முங்கிப் போகுது, இவங்களுக்குச் சிரிப்பு” என்றார். நான் தலையாட்டினேன். அவருடைய நோட்டில் பாதம் எதற்கு என்ற வரியை எழுதிக்கொண்டார். நானும் எழுதிக்கொண்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

நாத்தனாரின் கல்யாணத்துக்காகப் பந்தல் போட்டார்கள். பெண்கள் பூ எடுத்துவந்தார்கள். பின்னால் ஷரீஃபா இருக்கையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டார். அடுத்த காட்சியில் குழந்தைக்கு ஒரு வயது.

படம் முடிந்ததும் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினோம். குறுப்பும் ராகேஷும் மேடையேறினார்கள். கேள்வி நேரம் என்றார்கள். ஷரீஃபாதான் முதலில் கை தூக்கினார். மைக் அவரிடம் போனது. அவர் மூன்று வாக்கியம் பேசினார். செல்வமணி எழுந்து நின்றான்.

“கல்யாணப் பாட்டு எங்கண்ணு கேக்காவ. அதுல மேளம் அடிக்கது அவிய வீட்டுக்காரரு. எறந்துபோனாரு. அவரப் பாக்கத்தான் வந்தாவ.”

குறுப்பு மைக்கை எடுத்தார். “இதுதான் சினிமாவின் வெற்றி” என்றார். “இல்லாத பாட்டு இந்தத் தாயின் காதில் கேட்டிருக்கிறது. திரையில் இல்லாத கணவனை அவர் தேடுகிறார். இல்லாமையைக் காட்டுவதுதான் இந்தப் படத்தின் நோக்கம் என்று எங்கள் கேட்டலாக் பக்கம் நூற்றுப் பதினேழில் தெளிவாக இருக்கிறது. வெட்டப்பட்டதா என்று சிலர் கேட்கலாம். கலையில் வெட்டுவது என்று ஒன்றில்லை. பார்வையாளருக்கு விட்டுக்கொடுப்பது என்று ஒன்று உண்டு.”

இடி விழுந்த மாதிரி கைதட்டல். அதில் என் கையும் இருந்தது. பேராசிரியர் எழுந்து, கணவன் என்று அந்த அம்மணி சொல்வது நிலத்தைத்தானே என்று கேட்டார்.

ஷரீஃபா செல்வமணியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். மேடையில் என்ன சொன்னார்கள் என்று கேட்கிறார் என்பது மொழி தெரியாத எனக்கே புரிந்தது. செல்வமணி குனிந்து மெதுவாக இரண்டு வார்த்தை சொன்னான். பாட்டை வெட்டிவிட்டார்கள், நானும் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தேன் என்று சொன்னானாம்.

அவர் அவனைத் திட்டவில்லை. வாக்கரை மடக்கிப் பக்கத்து இருக்கையில் வைத்தார். உட்கார்ந்தார். பாட்டைப் போட்டால்தான் எழுந்திருப்பேன் என்றார்.

ஐந்து மணிக்கு அதே அரங்கில் அடுத்த படம். அதன் இயக்குநர் வெளிநாட்டிலிருந்து வந்து வெளியே நிற்கிறார். கியூ மெயின் ரோடு வரைக்கும் போய்விட்டது. தொண்டர்கள் வந்து ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டார்கள். ஷரீஃபா அசையவில்லை. அவர் அசையாததால் மற்ற இருபத்தி மூன்று பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். குறுப்பு இறங்கி வந்து, “அகாதமி எப்போதும் மக்களோடு நிற்கிறது. ஆகவே மக்கள் வெளியே போய் நிற்க வேண்டும்” என்றார். ஆபரேஷன் செய்த முட்டு, தூக்கவும் முடியாது. போலீசைக் கூப்பிடலாம் என்று ஒருவர் சொன்னதற்கு, நிறைமாதப் பெண்கள் இருவரையும் ராகேஷ் கண்ணால் காட்டினான்.

இது திருவனந்தபுரம். நான்கு பேர் எங்காவது எழுந்திருக்க மறுத்தால் பத்து நிமிடத்தில் அதற்குக் கோஷம் உண்டாகிவிடும். கியூவில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, என்ன விஷயம் என்று கேட்காமலேயே முஷ்டியை உயர்த்தினார்கள். தீவு மக்கள் வாழ்க என்றார்கள். பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் இது நிகழ்த்துகலை என்று நினைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்தார்கள். சானல்காரர் ஒருவர் கேமராவோடு ஓடிவந்தார்.

கேமராவைக் கண்டதும் குறுப்பின் முகம் மாறியது. அரங்கின் ஓரத்தில், தீயணைக்கும் சிலிண்டருக்குப் பக்கத்தில், மூன்று பேர் கொண்ட உபகமிட்டி அமைக்கப்பட்டது. அது நின்றபடியே கூடி, கல்யாணப் பாட்டு என்பது இசை அல்ல, ஒலி ஆவணம், ஆகவே கேட்டலாக்குக்கு முரணாகாது என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. இதை ஐந்து நாள் முன்னால் தீர்மானித்திருக்கலாமே என்று நான் கேட்கவில்லை. மூன்றாவது வரிசைக்காரர்கள் அதெல்லாம் கேட்பதில்லை.

புரொஜக்டர் அறையில் இருந்த அனீஷிடம் முழுப் படமும் இருந்தது. சேர்மனின் கையெழுத்து மேலே போய்ச் சேரும்வரை அவன் காத்திருக்கவில்லை. விளக்கு அணைந்தது.

நான்கு நிமிடப் பாட்டு. சப்டைட்டில் இல்லை. கடற்கரையில் பந்தல், பெண்கள், பிள்ளைகள், வரிசையாக மேளக்காரர்கள். இரண்டாவது நிமிடத்தில் ஷரீஃபா கையை நீட்டினார். இடது ஓரத்தில் கட்டம் போட்ட கைலியில் ஒரு மெலிந்த மனிதர், வியர்வை வழிய, மேளத்தை வெளுத்துவாங்கிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் எல்லாரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவர் மட்டும் கேமராவைத் தாண்டி வேறெங்கோ பார்த்துச் சிரித்து, லேசாகத் தலையசைக்கிறார். பத்துப் பதினோரு விநாடி இருக்கும். ஷரீஃபா சத்தமாக ஏதோ ஒன்று சொன்னார். அவருடைய ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஒரு கர்ப்பிணி அழுதாள்.

விளக்கு வந்ததும் ஷரீஃபா வாக்கரை விரித்து எழுந்தார். குறுப்பு சானல்காரரைக் கையோடு அழைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

“செல்வமணி, அவர் எந்தா பறஞ்ஞது? பிரஸ் நோட்டில் சேர்க்கணும்.”

“அது உங்களுக்குள்ளது இல்ல சாரே” என்றான் செல்வமணி. தத்தாவுக்கு முன்னால் நடந்து, வழியில் நின்ற வெளிநாட்டு இயக்குநரைத் தோளைத் தொட்டு ஒதுக்கினான்.

திங்கட்கிழமை மீன் குழம்பு வாங்கப் போனபோது, பாட்டின் நடுவில் ஷரீஃபா என்ன சொன்னார் என்று நான் கேட்டேன். அன்றைக்கு நானும் கை தட்டினேன் என்பதையும் சொன்னேன். சட்டியைக் கிளறியபடியே அவன் சொன்னான்.

“ஷூட்டிங் அன்னைக்கு தத்தா கேமராக்காரனுக்குப் பொறத்தால சோத்துப் பாத்திரத்தோட நின்னாவளாம். ‘என்னையத்தான் பாக்காரு. சோறு ஆறிப்போவட்டும், நீ போவாதேண்ணு சொல்லுகாரு’ண்ணாவ.”